பயிற்சி முடிச்சாச்சு, அடுத்து என்ன? இராமநாதபுரம் கடலோரத்தில் அரசியல் தலைமைப் பயிற்சி முடித்தவர்கள் கேட்கும் கேள்விகள்

எஸ்.பி.பட்டினம், தொண்டியில் தொடங்கிப் பாம்பன் வரை, அங்கிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை உள்ள கடற்கரை ஊர்களில் அரசியல் தலைமைப் பயிற்சி முடித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம். அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. சான்றிதழ் குடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. இத வச்சு என்னங்க செய்ய?

தேர்தல் சட்டத்தில் இந்தச் சான்றிதழுக்கு இடம் கிடையாது. வேட்புமனுவோடு இணைக்கச் சொல்ல மாட்டார்கள். எந்த அலுவலகத்திலும் இதைக் காட்டிக் காரியம் முடிக்க முடியாது. கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பெருமை நியாயமானதுதான்.

பயிற்சியில் கிடைத்த உண்மையான சொத்து வேறு. எந்தத் தாள் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்கிற அறிவு ஒன்று. உங்களோடு உட்கார்ந்து படித்த இருபது முப்பது பேர் இன்னொன்று. அறிவைப் பயன்படுத்தாமல் விட்டால் ஆறு மாதத்தில் மறந்துபோகும். ஆட்கள் அதைவிடச் சீக்கிரம் கலைந்துவிடுவார்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த இரண்டையும் விட்டுவிடாமல் வைத்துக்கொள்வது பற்றியவை.

2. ஊருக்குப் போனதும் முதல்ல என்ன செய்யணும்? ஆளுகளக் கூட்டி வச்சுப் பேசவா?

வேண்டாம். முதல் மூன்று மாதம் ஒரே ஒரு பிரச்னையைக் கையில் எடுங்கள். அது ஊராட்சியின் அதிகாரத்துக்குள் இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் முடிய வேண்டும். முடிந்தால் நாலு பேர் கண்ணில் பட வேண்டும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 110-வது பிரிவு தெருவிளக்கு, குடிநீர், வடிகால், துப்புரவு போன்றவற்றைக் கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமை என்கிறது. அங்கிருந்து ஒன்றை எடுங்கள். கச்சத்தீவும் நடுக்கடல் கைதும் நம் கரையின் பெரிய வலிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவை டெல்லியும் கொழும்பும் பேச வேண்டியவை. அதைத் தூக்கிக்கொண்டு முதல் அடி வைத்தவர்கள் மூன்றாவது மாதமே சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம். விடிவதற்கு முன் ஏலத்துக்குப் போகும் பெண்கள் நடக்கிற கரைப் பாதையில் விளக்கு எரியவில்லை. "எங்க தெரு இருட்டா கெடக்கு" என்று சொன்னால் எதுவும் நகராது. பாதையில் மொத்தம் எத்தனை கம்பம், ஒவ்வொன்றிலும் பெயின்டில் எழுதியிருக்கும் எண் என்ன, எந்தக் கம்பத்தில் பல்ப் இல்லை, எதில் பல்ப் இருந்தும் ஒயர் உப்புக்காற்றில் அரித்துப்போயிருக்கிறது என்று ஒரு ராத்திரி நடந்து எழுதுங்கள். பல்பும் விளக்குச் சட்டமும் ஊராட்சியின் வேலை, கம்பமும் மின்கம்பியும் மின்வாரியத்தின் வேலை. இந்தப் பிரிவு தெரியாததால்தான் பாதி மனுக்கள் இரண்டு ஆபீசுக்கும் நடுவில் பந்தாடப்படுகின்றன.

இதற்கென்று ஒரு நோட்டு வாங்குங்கள். இடப் பக்கத்தில் தேதி, யாரைப் பார்த்தீர்கள், அவர் சொன்ன வார்த்தை. வலப் பக்கத்தில் ரசீது, மனு நகல் ஒட்ட வேண்டும். போனில் போட்டோ எடுத்து வைப்பது போதாது. போன் கடல்தண்ணீரில் விழும், மாற்றும்போது படங்கள் போய்விடும். நோட்டு இருக்கும்.

3. எங்க ஊருல கிராம சபை எப்ப நடக்குது, எப்ப முடியுதுன்னே தெரிய மாட்டேங்குது. எப்படிக் கண்டுபிடிக்க?

ஆண்டுக்கு ஆறு நாள் நிச்சயம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2022 வரை நாலாக இருந்தது, மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் பிறகு சேர்ந்தவை. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே இடம், நேரம், பொருள் சொல்லி அறிவிப்பு வர வேண்டும். ஒட்டியிருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகச் சுவரைப் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. தங்கச்சிமடம், பாம்பன் மாதிரி பெரிய ஊராட்சிகளில் இந்த எண்ணிக்கை சேர்வது சிரமம். அதனால்தான் கூட்டம் முடிந்த பிறகு வீடு வீடாக நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கும் பழக்கம் சில இடங்களில் வந்துவிட்டது. கூட்டத்துக்குப் போகாமல் அந்த நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வீட்டாரையும் போட விடாதீர்கள்.

இராமேசுவரம், கீழக்கரை நகராட்சிகள். மண்டபம், தொண்டி பேரூராட்சிகள். அங்கே கிராம சபை கிடையாது. நகர்ப்புறங்களில் வார்டுகளைப் பிரித்து நடக்கும் பகுதி சபையை விசாரியுங்கள்.

4. தலைவர் பதவிக்காலம் முடிஞ்சுபோச்சு, தனி அலுவலர்தான் இருக்காருன்னா கிராம சபையும் கிடையாதாமே?

தவறு. நம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், தலைவருக்குப் பதிலாக ஊராட்சியை நடத்த அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை கூட வேண்டும். சபை என்பது வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும்தான். தலைவர் வருவார் போவார், சபை கலைவதில்லை.

இன்னும் சொன்னால், தனி அலுவலர் காலத்தில்தான் பயிற்சி முடித்தவர்களின் தேவை அதிகம். வார்டு உறுப்பினர் இல்லாதபோது எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று போய்ச் சொல்ல ஆள் இருக்காது. அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள்.

5. கிராம சபையில எந்திரிச்சுப் பேசுறேன். எல்லாரும் கை தட்டுறாங்க. ஆனா ஒண்ணும் நடக்கலையே?

பேசியது தீர்மானமாக எழுதப்படவில்லை, அதுதான் காரணம். கைதட்டலுக்கு அரசாங்கத்தில் கோப்பு எண் கிடையாது.

தீர்மானத்தை வீட்டிலேயே எழுதி வாருங்கள். நாலைந்து வரி போதும்: என்ன குறை, எந்த இடம், எத்தனை வீடு, என்ன செய்ய வேண்டும், எந்த நிதியில். இரண்டு நகல். கூட்டம் தொடங்கும்போதே ஒன்றைச் செயலரிடம் கொடுத்து மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் பொருள் வரும்போது எழுந்து, தாளில் உள்ளதை அப்படியே வாசியுங்கள். பிறகு, "இதைத் தீர்மானமாகப் பதிவு செய்து எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அந்த ஒரு வாக்கியம்தான் முக்கியம்.

தீர்மானப் பதிவேட்டைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சில ஊர்களில் முதல் பக்கங்கள் காலியாக இருக்கும், கையெழுத்துகள் மட்டும் பின்பக்கங்களில் நிறைந்திருக்கும். காலியிடத்தில் பிறகு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எழுதி முடித்த கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடு போட்டு மூடிய பிறகுதான் கையெழுத்து என்று பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் வம்பு என்பார்கள், பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் முறை என்பார்கள். அதனால் முதல் நாளே பக்கத்துத் தெருப் பெண்களிடம் சொல்லி வையுங்கள்.

வரவு செலவையும் கேளுங்கள். ஊராட்சியின் வரவு செலவுச் சுருக்கம் படிவம் 30-இல் சபையின் முன் வைக்கப்பட வேண்டும். 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டி வைத்த பணம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராமல் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் அலைகிற ஊரில், அந்த 60 விழுக்காடு எங்கே போனது என்பதை விடப் பெரிய கேள்வி இல்லை.

6. மனு எழுதிக் குடுத்தே கை ஓஞ்சுபோச்சு. பதிலே வர்றதில்ல. மனு எழுதுறதுல தப்பு இருக்கா?

பெரும்பாலும் இருக்கிறது. ஒரே மனுவில் ரோடு, தண்ணீர், முதியோர் உதவித்தொகை, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் நாலையும் எழுதுகிறார்கள். மனு ஓர் அலுவலகத்துக்குத்தான் அனுப்பப்படும். மீதி மூன்றும் அங்கேயே செத்துப்போகும். ஒரு மனுவுக்கு ஒரு குறை.

தடைக்கால நிவாரணம் வராதவர்களுக்கு எழுதுவதாக இருந்தால், "எங்கள் ஊர் மீனவர்களுக்கு வரவில்லை" என்று எழுதாதீர்கள். விடுபட்டவர் ஒவ்வொருவரின் பெயர், மீனவர் சங்க உறுப்பினர் எண், வங்கிக் கணக்கின் கடைசி நாலு இலக்கம், போன ஆண்டு வந்ததா என்று ஓர் அட்டவணை போட்டு மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுங்கள். பாதிப்பேருக்குக் காரணம் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடப்பதாகவோ, ஆதாரில் பெயர் வேறாக இருப்பதாகவோ இருக்கும். அட்டவணை போடும்போதே அது தெரிந்துவிடும். அதற்கு மனுவே வேண்டாம், வங்கிக்குப் போனால் போதும்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் ரசீதை வாங்காமல் நகராதீர்கள். மீனவர்களுக்கென்று தனியாக நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மீன்வளம், வருவாய், வனத்துறை அதிகாரிகள் ஒரே அறையில் இருப்பார்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி வருகிற சிக்கல்களுக்கு அதுதான் சரியான இடம். முப்பது நாள் கழித்தும் பதில் இல்லையென்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

7. ஆர்டிஐ போட்டா ஊருல பகை வருமாமே?

கேட்கிற விதத்தைப் பொறுத்தது. "ஏன் ஊழல் செய்தீர்கள்" என்று எழுதினால் பகையும் வரும், பதிலும் வராது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) அலுவலகத்தின் கையில் இருக்கும் பதிவேடுகளைத்தான் தரச் சொல்கிறது, விளக்கம் சொல்லச் சொல்லவில்லை. "இன்ன தேதியில் இன்னார் கொடுத்த மனுவின் மேல் எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல்" என்று கேளுங்கள். "இன்ன நிதியாண்டில் தெருவிளக்குக்குச் செலவு செய்த பில்களின் நகல்" என்று கேளுங்கள்.

கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் கவலை வேண்டாம், ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். இந்தத் தேதிகளை இரண்டாம் பதிலில் சொன்ன நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். தேதி தவறிப்போவதால் சாகிற விண்ணப்பங்கள்தான் அதிகம்.

தனியாகப் போட பயமாக இருந்தால், பேட்ச்சில் உள்ள வேறு ஊர்க்காரர் உங்களுக்காகப் போடலாம். இந்தியக் குடிமகன் யார் வேண்டுமானாலும் எந்த ஊராட்சி பற்றியும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தொண்டிக்காரர் வேதாளைக்கும் வேதாளைக்காரர் தொண்டிக்கும் போடுவது நல்ல ஏற்பாடு.

8. பேட்ச் ஆளுகளத் திரும்பக் கூட்டவே முடியல. நாள் வச்சா பாதிப்பேர் வர்றதில்ல. என்ன செய்ய?

நாள் குறிப்பவர் கடலைப் பார்க்காமல் நாள்காட்டியைப் பார்க்கிறார், அதுதான் கோளாறு. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் மாற்றித் தொழிலுக்குப் போகின்றன. விசைப்படகு போகும் நாளில் அந்த வீட்டு ஆண்கள் இல்லை. படகு கரை சேரும் காலையில் பெண்களும் இல்லை, ஏலம், ஐஸ், வியாபாரி என்று ஓடுவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ, ஞாயிறு காலை திருப்பலி. ஆடி, தை அமாவாசைகளில் இராமேசுவரம் பக்கம் பஸ்ஸே நகராது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால், எல்லோரும் தொழிலுக்குப் போகாத ஒரு நாளின் பிற்பகல் மூன்றரை முதல் ஐந்தரை வரை மிஞ்சும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். முழுநாள் கூட்டம், புத்தாக்கப் பயிற்சி எல்லாவற்றையும் அந்த இரண்டு மாதத்துக்குள் வையுங்கள். ஆனால் ஒன்று: அது கையில் காசில்லாத காலம். பஸ் செலவைக் கூட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும், மதியச் சோறும் போட வேண்டும். தரவில்லையென்றால் வசதி உள்ளவர்கள் மட்டும் வருவார்கள், பேட்ச்சின் முகமே மாறிவிடும்.

எல்லோரும் ஒரே இடத்துக்கு வர வேண்டும் என்பதையும் விடுங்கள். சாயல்குடியிலிருந்து தொண்டிக்கு வந்து திரும்ப ஒரு நாள் போய்விடும். வடக்கே தொண்டி, தேவிபட்டினம் பக்கம் ஒன்று, நடுவில் மண்டபம், பாம்பன் ஒன்று, தெற்கே கீழக்கரை, சாயல்குடி ஒன்று என மூன்று சின்ன வட்டங்கள் மாதம் ஒருமுறை கூடட்டும். எல்லோரும் சேர்வது ஆண்டுக்கு இரண்டு முறை போதும்.

9. கூடுனா என்ன பேசுறது? டீ குடிச்சுக் கதை பேசிக் கலஞ்சுர்றோம்.

ஒவ்வொருவரும் நோட்டோடு வர வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம்: போன மாதம் என்ன செய்தேன், எங்கே முட்டி நிற்கிறது, யாருடைய உதவி வேண்டும். பிறகு ஏதாவது ஓர் ஆவணத்தை எல்லோரும் சேர்ந்து படியுங்கள். ஒருவர் ஊராட்சியின் படிவம் 30, அடுத்த மாதம் ஓர் ஆர்டிஐ பதில், அதற்கடுத்து ஓர் அரசாணை. சேர்ந்து படித்துப் பழகினால்தான் தனியாகப் படிக்கத் தைரியம் வரும். வாட்ஸ்அப் குரூப்பில் கூட்டத் தேதி, மனு நகல், அரசு அறிவிப்பு இவை மட்டும். காலை வணக்கமும் தலைவர் படமும் தொடங்கிவிட்டால் முக்கியமான தகவலை யாரும் பார்க்க மாட்டார்கள்.

10. பேட்ச்ல ஆளுக்கு ஒரு கட்சி. ஒண்ணா இருந்தா அவங்கவங்க கட்சியில சந்தேகப்படுறாங்க. ஒதுங்கிரலாமா?

ஒதுங்காதீர்கள். வெவ்வேறு கட்சியில் இருப்பதுதான் இந்த வட்டத்தின் பலம். நாளைக்கு எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் உள்ளே உங்களில் ஒருவர் இருப்பார். ஆனால் கட்டுப்பாடு வேண்டும், அதை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டத்துக்குக் கரைவேட்டியும் கட்சித் துண்டும் வேண்டாம். கட்சிக்குள் நடப்பதை இங்கே கேட்கக் கூடாது, இங்கே பேசியதை அங்கே போய்ச் சொல்லக் கூடாது. வட்டத்தின் பெயரில் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு அறிக்கை விடக் கூடாது. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முடிவு வரும் வரை, போட்டியிடும் உறுப்பினர் யாரும் வட்டத்தின் பொறுப்பில் இருக்கக் கூடாது.

ஒரே வார்டில் இருவர் எதிரெதிரே நின்றால்? நிற்கட்டும். இருவருக்கும் ஒரே உதவியைச் செய்யுங்கள், வேட்புமனு சரிபார்ப்பு உட்பட.

11. கட்சியில சேராம இருந்தா முன்னுக்கு வர முடியாதா?

எங்கே போக நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினரும் தலைவரும் கட்சிச் சின்னத்தில் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. ஒன்றிய வார்டும் மாவட்ட ஊராட்சி வார்டும் கட்சிச் சின்னத்தில் நடக்கின்றன. ஒன்றியத்துக்கு மேலே போக வேண்டுமென்றால் கட்சி இல்லாமல் கடினம், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சேர்வதானால் உறுப்பினர் அட்டையோடு நின்றுவிடாமல் கிளைக் கூட்டத்தில் உட்காருங்கள், வாக்குச்சாவடி வேலையைக் கேட்டு வாங்குங்கள். அந்த வேலை தெரிந்தவரைக் கட்சி தள்ளி வைக்காது.

பதவியே இல்லாமலும் தலைமை உண்டு. பாம்பன் சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது 2015-இல் கிடைத்தது. தேர்தலில் வென்று வந்த இடமல்ல அது.

12. அடுத்த தேர்தல்ல நிக்கலாம்னு இருக்கேன். இப்பவே எதெத சரி பண்ணி வைக்கணும்?

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். நம் கரையில் இதுதான் முதல் வில்லங்கம். கேரளாவுக்கோ தூத்துக்குடிக்கோ தொழிலுக்குப் போன குடும்பத்தை "ஊரில் இல்லை" என்று நீக்கிவிடுவார்கள். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவது. அதனால் அங்கே சரியாக இருந்தால் இங்கேயும் இருக்கும். புதிதாகச் சேர படிவம் 6, திருத்தம், இடமாற்றத்துக்குப் படிவம் 8. ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் பெயரைப் பாகம் எண், வரிசை எண்ணோடு பார்த்து எழுதி வையுங்கள்.

ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி இருந்தால் மனு தள்ளுபடியாகலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சியோடு ஒப்பந்த வேலை நடப்பில் இருந்தாலும் தகுதி போகும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் சாதிச் சான்றைத் தேர்தல் அறிவித்த பிறகு தேடாதீர்கள். முன்மொழிபவர் அதே வார்டு வாக்காளரா என்று பட்டியலைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பக்கத்துத் தெரு என்று நினைத்திருப்பீர்கள், பட்டியலில் அவர் வேறு வார்டில் இருப்பார்.

2019 தேர்தலில் வைப்புத்தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கும் ஒன்றிய வார்டுக்கும் 600, மாவட்ட வார்டுக்கு 1,000. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்குப் பாதி. செலவு வரம்பு முறையே 9,000, 34,000, 85,000, 1,70,000 ரூபாய். அடுத்த தேர்தலுக்கு வரும் அறிவிப்பில் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

13. பெண்கள் வார்டாயிருச்சு, நீ நில்லு, மத்தத உன் வீட்டுக்காரர் பாத்துக்குவாருங்கிறாங்க. நிக்கலாமா?

நில்லுங்கள். நிபந்தனையை ஏற்காதீர்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் 50 விழுக்காடு பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது, கணவர்களுக்காக அல்ல. சண்டை போட்டுக்கொண்டு தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று விஷயத்தில் முதல் நாளிலிருந்தே விட்டுக்கொடுக்காதீர்கள்: காசோலையில் கையெழுத்து, பணம் விடுவிக்கும் டிஜிட்டல் கையெழுத்துச் சாவி, தீர்மானப் பதிவேடு. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுக் காசோலையில் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால், தணிக்கையில் பணம் குறையும்போது பதில் சொல்லப் போவது கையெழுத்துப் போட்டவர்தான். வீட்டுக்காரருக்கும் இதை இப்படியே சொல்லுங்கள், புரியும்.

நீங்கள் பதவியேற்ற முதல் ஆறு மாதம், பயிற்சி முடித்த பெண்கள் இருவர் மூவர் மாற்றி மாற்றி உங்களோடு அலுவலகத்துக்குத் துணைக்கு வந்தால், கணவர் வந்து உட்கார வேண்டிய நாற்காலி காலியாக இருக்காது.

14. ஊர்க் கமிட்டி வேற ஆள முடிவு பண்ணிருச்சு. மீறி நின்னா ஒதுக்கி வச்சுருவாங்களோ?

ஊர்க் கமிட்டி, ஜமாத், பங்குப் பேரவை, இவற்றை எதிரியாகப் பார்க்காதீர்கள். படகு கவிழ்ந்தால் தேடப் போவதும், வலைச் சண்டையைத் தீர்ப்பதும் அவர்கள்தான். ஆனால் பதவியை ஏலம் விடுவதும், நிற்காதே என்று மிரட்டுவதும், ஒதுக்கி வைப்பதும் சட்டப்படி குற்றம். அவர்களுடைய முடிவுக்கு நீங்கள் கட்டுப்பட்டவரல்ல.

வழி ஒன்றுதான்: முடிவு எடுப்பதற்கு முன்பே போங்கள். தேர்தலுக்கு ஓராண்டு முன்னால், நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊருக்கு என்ன முடித்துக் கொடுத்தீர்கள் என்று கமிட்டியில் உட்கார்ந்து சொல்லுங்கள். வேட்புமனு நாளில் போய் நின்றால் அது அறைகூவலாகத்தான் தெரியும். மிரட்டல் வந்தால் தேதி, நேரம், சாட்சி எழுதி, தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். உங்கள் வட்டத்துக்கும் அன்றே சொல்லுங்கள். அந்த வாரம் தினமும் இருவர் உங்கள் வீட்டுக்கு வந்து போக வேண்டும்.

15. நின்னேன், தோத்துட்டேன். வெளிய தலை காட்ட முடியல.

முதலில் கணக்கு. ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்க முடியாமல் போகும். துக்கத்தில் இதைத் தவறவிட்டு அடுத்த வாய்ப்பையும் இழந்தவர்கள் உண்டு. அந்த வாரம் வட்டத்தில் ஒருவர் கூடவே உட்கார்ந்து பில்லை அடுக்கிக் கொடுங்கள்.

பிறகு, அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். பின்வரிசையில் உட்கார்ந்தாலும் போதும். உங்களுக்கு வாக்களித்தவர்கள் அங்கே உங்களைத் தேடுவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், அதற்குப் பிள்ளை படித்தால் போதும். மீனவர் கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழுக் கூட்டமைப்பு என்று இடங்கள் இருக்கின்றன. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி மாவட்ட அளவிலான குழுவில் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் மூவராவது இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்று கேட்பதே ஒரு நல்ல வேலை.

16. நான் அரசு வேலையில இருக்கேன். பேட்ச் கூட்டத்துக்கு வரலாமா?

அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சியில் சேர்வதையும் தேர்தல் வேலை பார்ப்பதையும் தடுக்கின்றன. கிராம சபைக்கு வாக்காளராக வருவது வேறு. ஆவணம் படிக்கிற கூட்டத்தில் உட்காரலாம், வேட்பாளர் பற்றிப் பேசுகிற நேரத்தில் எழுந்து போய்விடுங்கள். தொகுப்பூதியம், மதிப்பூதியம், ஒப்பந்தம் என்று இருப்பவர்கள் தங்கள் நியமன ஆணையைப் படித்துவிட்டு, துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு. "வாய்மொழியாச் சொன்னாரு" என்பது விசாரணையில் நிற்காது.

17. பயிற்சி குடுத்த அமைப்பு மாசாமாசம் கொஞ்சம் பணம் தருது. தேர்தல்ல நின்னா அது தொடருமா? வாங்கலாமா?

அமைப்புக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். வந்தால், வேட்பாளராக மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து அதில் ஒரு ரூபாய்கூட நன்கொடையாகவோ உதவித்தொகையாகவோ வாங்கக் கூடாது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 வேட்பாளர்களையும் சட்டமன்றங்களின் உறுப்பினர்களையும் தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் வரையறையில் நகராட்சியும் ஊராட்சியும்கூட அடங்கும். வார்டு உறுப்பினர்தானே என்று நினைத்துவிடாதீர்கள். மனுத் தாக்கல் செய்வதற்கு முன்பே நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்து, ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் செலவை உறுப்பினர் சந்தாவில் நடத்துங்கள். மாதம் இருபது ரூபாயானாலும் சொந்தப் பணமாக இருக்கட்டும்.

18. எங்க கரையில ஒரு பெரிய திட்டம் வருதாம், கருத்துக்கேட்பு வைக்கப் போறாங்களாம். நாங்க என்ன செய்ய முடியும்?

இது எல்லா வட்டங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அறிவிப்பு வந்த அன்றே சுருக்கத்தை வாங்கிப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் மீன்வளம், ஒருவர் நிலத்தடி நீர், ஒருவர் வரைபடம். வரைபடத்தில்தான் பிழைகள் இருக்கும். கரைவலை இழுக்கும் இடம், கருவாடு காயப்போடும் மணல், படகு நிறுத்தும் துறை இவை வெற்று நிலம் என்று காட்டப்பட்டிருக்கும். அதே வரைபடத்தின் மேல் உங்கள் ஊர்ப் பெரியவர்களை வைத்து அவற்றைக் குறித்து, எழுத்தில் சமர்ப்பியுங்கள்.

கூட்டத்தில் பேசியவற்றின் பதிவை முடிவில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். கூச்சலிட்டுக் கூட்டத்தைக் கலைத்தால் பேசியது எதுவும் பதிவாகாது. வாசிக்கும் வரை குறைந்தது இருபது பேராவது உட்கார்ந்திருங்கள், விடுபட்டதை அங்கேயே எழுதச் சொல்லுங்கள். ஐந்தாம் பதிலில் சொன்ன பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும்.

19. அடுத்த பேட்ச் வருது. நான் போயி வகுப்பு எடுக்கலாமா?

வகுப்பு எடுக்க வேண்டாம், ஓர் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஒரு மணி நேரம் பேசுவது எளிது. புதிதாக வருகிற ஒருவரை, முடிந்தால் உங்கள் ஒன்றியத்துக்காரரை, ஆறு மாதம் கூடவே வைத்திருப்பதுதான் பயன். அவருடைய முதல் கிராம சபைக்கு நீங்கள் போங்கள், முதல் மனுவை எழுதிய பிறகு படித்துப் பாருங்கள். நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கு முதல்முறை கூட்டிப்போய் எந்த அறையில் எது என்று காட்டுங்கள். இரண்டாம் முறை வாசலில் நில்லுங்கள், மூன்றாம் முறை அவர் தனியாகப் போகட்டும்.

போகும்போது உங்கள் பழைய நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தோற்ற பக்கங்களையும் கிழிக்காமல் கொடுங்கள். எந்த மனு எங்கே போய்த் திரும்பி வந்தது என்று அவர் பார்த்துக்கொண்டால், அதே ஆபீசுக்கு அவரும் மூன்று முறை அலைய வேண்டியிருக்காது.